எலிசபெத்தின் தலைப்பெழுத்து



பத்தாம் வகுப்பிற்கு வந்துவிட்டால் பொதுத்தேர்வுக்குரிய பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர், தலைப்பெழுத்து, தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றில் ஓர் எழுத்துத் தவறினாலும் பின்னர் மாற்றுவது பெரும்பாடு என்று எங்கள் வகுப்பாசிரியை பலமுறை எச்சரித்தார்கள். “ஓர் எழுத்துத்தானே சிஸ்டர்?” என்று ஒருத்தி கேட்டாள். “அந்த ஓர் எழுத்துதான் உன் அப்பா” என்றார்கள் சிஸ்டர். வகுப்பே சிரித்தது. தலைப்பெழுத்து இல்லாத தோழி ஒருத்தியும் எங்கள் வகுப்பில் உண்டு. அவள் சிரிக்கவில்லை. நானும் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்பு ஒருநாள் நூலக வகுப்பில் அமெரிக்க நாட்டு வரலாற்றைப் படித்தபோது எலிசபெத் டில்லி என்னும் சிறுமியைப் பற்றி அறிந்தேன். அவள் காலமாகி நூறாண்டுகளுக்கு மேல் சென்றபின் அவளுடைய சொந்த வழித்தோன்றல்களே அவளுக்குத் தவறான தந்தையைச் சூட்டிவிட்டார்கள். அந்தத் தவறு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு திருந்தியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் வேறு தேசங்களிலிருந்து வந்தவர்களின் சந்ததியார். ஆதலால் “நம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தனர்? எந்த ஊரை விட்டு வந்தனர்?” என்று ஆராய்வதில் அந்நாட்டாருக்கு ஆர்வம் மிகுதி. இதனைக் குலவரலாற்று ஆராய்ச்சி எனலாம். இதற்கு முதல் விதி மிக எளியது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்திற்குப் போக வேண்டும். முதலில் தன் பெயர், பின்பு தாய் தந்தையர், அதன்பின் பாட்டன் பாட்டியர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். “இவர் இன்னாருடைய பிள்ளை” என்பதற்கு ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று வேண்டும். மேலே ஒரு பெரிய மனிதரை வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வருவது தவறான வழி. அப்படி இறங்குகிறவர்கள் எப்படியாவது தம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிடுவார்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அவர்களைப் பெற்றவர் எண்மர். பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1024 பேர். அந்த ஆயிரத்து இருபத்து நால்வரில் ஒருவர் கப்பல் தலைவராகவோ ஆளுநராகவோ இருந்தால் அவரைப் பற்றி மட்டுமே வீட்டில் பேசுவார்கள். மற்ற ஆயிரத்து இருபத்து மூவரையும் மறந்துவிடுவார்கள்.

அமெரிக்கர் பெரிதும் போற்றும் கப்பல் மேஃப்ளவர். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து, சில ஆண்டுகள் ஒல்லாந்து நாட்டில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரும் வேறு சிலருமாக 102 பயணிகள் இக்கப்பலில் 1620ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டனர். ‘யாத்திரிகத் தந்தையர்’ என்று சரித்திரப் புத்தகங்கள் இவர்களைக் குறிப்பிடும். (தந்தையர் மட்டும்தான் கப்பலேறினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.) இவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையை ஏற்காதவர்கள். கிறிஸ்துமஸ் பண்டிகையையும் கொண்டாடாதவர்கள். 1620 டிசம்பர் 25 அன்று இவர்கள் செய்தது புதிய நாட்டில் பொதுவீடு கட்ட மரம் நிறுத்தியதுதான். ஆயினும் இவர்களுடைய துணிவை யாரும் மறுக்க முடியாது.

நடுக்கடலில் பெரும்புயல் வீசியது. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டுக் கப்பலை அலையின் போக்கில் விட்டிருந்தார்கள். அப்போது ஜான் ஹௌலண்டு என்னும் இளைஞர் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்திற்கு ஏறி வந்தார். கப்பல் சாய்ந்தது, அவர் கடலில் விழுந்தார். மேற்பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஒன்று அவிழ்ந்து நீரில் இழுபட்டுக் கொண்டிருந்தது. ஹௌலண்டு அதைப் பற்றிக்கொண்டார். தண்ணீருக்குள் வெகு ஆழம் அமிழ்ந்தும் பிடியை விடவில்லை. மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்து, படகுக் கொக்கியால் மாட்டி, அவரைக் கரையேற்றினர். கரை ஏது, கப்பலேற்றினர் என்பதே சரி!

இந்த ஜான் ஹௌலண்டு பணக்காரர் அல்லர். ஜான் கார்வர் என்னும் செல்வந்தரின் பணியாளராகக் கப்பலேறியவர். நவம்பர் 11ஆம் நாள் கப்பல் நங்கூரமிட்டபோது, தங்களுக்குள் ஒழுங்காக ஆட்சி நடத்திக்கொள்வதாக 41 ஆண்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதில் ஹௌலண்டின் பெயரும் உண்டு. கார்வரே அக்குடியேற்றத்தின் முதல் ஆளுநரானார்.

அதே கப்பலில் ஜான் டில்லி, அவருடைய மனைவி, அவர்களின் கடைசி மகள் எலிசபெத் ஆகிய மூவரும் வந்தனர். எலிசபெத்துக்கு வயது பதின்மூன்று. நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய சிறுமி! டில்லியின் தம்பி எட்வர்டும் அவருடைய மனைவியும் உடன் வந்தனர். அவர்களோடு அந்தச் சித்தியின் உறவுப் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். ஒருவன் ஹென்றி சாம்சன் என்னும் சிறுவன், மற்றது ஹுமிலிட்டி கூப்பர் என்னும் கைக்குழந்தை.

முதற் குளிர்காலத்தில் வீடு முழுமையாகக் கட்டி முடியவில்லை. உணவு குறைவு. நோய் பரவியது. வசந்தம் வருவதற்குள் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எலிசபெத்தின் தந்தை இறந்தார். தாய் இறந்தாள். சித்தப்பாவும் சித்தியும் இறந்தனர். அந்நிய தேசத்தில், பனிக்காலத்தில், அந்தச் சிறுமி அனாதையானாள். கப்பலில் வந்த வயது வந்த பெண்கள் பதினெண்மரில் 1621ஆம் ஆண்டின் அறுவடைக் காலத்தில் உயிரோடிருந்தவர் நால்வரே. தாய்மார்கள் தங்களுக்கு வேண்டிய உணவையும் போர்வையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணமே. எந்த ஏட்டிலும் படித்ததன்று.

அனாதையான எலிசபெத்தை ஆளுநர் கார்வரின் வீட்டார் சேர்த்துக்கொண்டதாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அந்த நிழலும் நிலைக்கவில்லை. 1621 ஏப்ரலில் கார்வர் வயலில் வேலை செய்து திரும்பி, தலைவலி என்று படுத்தவர் சில நாட்களில் காலமானார். ஐந்தாறு வாரங்களில் அவருடைய மனைவியும் கணவரைப் பின்தொடர்ந்தார். அவ்வீட்டில் எஞ்சியவர்களுள் பணியாளர் ஜான் ஹௌலண்டும் சிறுமி எலிசபெத்தும் அடங்குவர். சில ஆண்டுகளுக்குப்பின் இவ்விருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

இனி இவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களைப் பார்ப்போம். குலவரலாறு எழுதுவோருக்கு அரண்மனை ஓவியங்களைவிடக் கணக்கு ஏடுகளே பெருந்துணை என்பதை இவர்கள் கதையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

1627ஆம் ஆண்டு மே மாதத்தில் பிளிமத் குடியேற்றத்தார் தங்கள் பொதுக் கால்நடைகளைப் பங்கிட்டனர். ஊரார் அனைவரையும் பன்னிரண்டு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தாரின் பெயரையும் எழுதி, இன்ன பசு இன்னாருக்கு என்று குறித்தனர். பசுவைப் பங்கிடுவதற்காக எழுதிய இந்தப் பட்டியல் இன்று அவ்வூரின் குடிக்கணக்காகவே பயன்படுகிறது. நான்காம் பங்கில் ஜான் ஹௌலண்டு, அவர் மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர் என்று நால்வர் பெயரும் வரிசையாக இருக்கின்றன. அவர்களுடைய கூட்டத்திற்குக் கிடைத்த கிடேரியின் பெயர் ‘ராக்ஹார்ன்’ என்பதும் எழுதியிருக்கிறது! முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கிடேரியின் பெயர் அழியாமல் இருப்பதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கிடேரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

மூத்த மகளுக்கு ஏன் டிசையர் என்று பெயர்? கார்வர் வீட்டில் டிசையர் மின்டர் என்னும் பெண்ணும் இருந்தாள். அவள் பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி அங்கே இறந்துபோனாள். எலிசபெத் தன் தலைச்சன் பெண்ணுக்கு அந்தத் தோழியின் பெயரைத்தான் வைத்தாள் என்பது ஆராய்ச்சியாளரின் ஊகம். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். பெயரே உறவுக்குத் துப்புக் கொடுக்கும் என்பது இதனால் விளங்கும். ஆனால் துப்பு வேறு, சான்று வேறு.

ஹௌலண்டு தம்பதியருக்குப் பிள்ளைகள் பதின்மர். பத்துப் பேரும் வளர்ந்து ஆளானார்கள். அக்காலத்தில் இது அரிது. பேரப்பிள்ளைகள் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும், ஜார்ஜ் புஷ் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் இவர்களுடைய வழித்தோன்றல்களே. புயலில் அந்தக் கயிறு கைக்குக் கிட்டாமற் போயிருந்தால் இவர்களில் ஒருவரும் இல்லை.

ஹௌலண்டு காலமான தேதியை ஏடுகளில் ‘1672/3, பிப்ரவரி 23’ என்று எழுதுவார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒருவர் எப்படி இறக்க முடியும் என்று நான் விழித்தேன். அக்கால ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள், அதாவது மரியன்னைக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளில்தான் பிறந்தது. ஆகையால் பிப்ரவரி மாதம் அவர்களுக்குப் பழைய ஆண்டின் கடைசிப் பகுதி. நமக்கோ புதிய ஆண்டின் தொடக்கம். இந்தக் குழப்பம் 1752இல்தான் தீர்ந்தது. அவ்வாண்டில் ஆங்கில அரசு புதிய நாட்காட்டியை ஏற்று, செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்துக்கொண்டது. இதை அறியாமல் கணக்கிட்டால், திருமணத்திற்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு நல்ல குடும்பத்தின்மேல் வீண்பழி வந்துவிடும்!

எலிசபெத் கணவருக்குப்பின் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தாள். ஸ்வான்சி என்னும் ஊரில் மகள் லிடியாவின் வீட்டில் 1687 டிசம்பரில், எண்பதாம் வயதில், காலமானாள். அதற்கு ஓராண்டுக்கு முன்பு எழுதிய அவளுடைய உயில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஞான நூல்கள் என்று தன்னிடமிருந்ததைப் பிள்ளைகளின் பெயர் சொல்லிப் பகிர்ந்தளிக்கிறாள். மணமான பெண்மக்களின் புகுந்த வீட்டுப் பெயர்கள் உயிலில் வருவதால், ‘இன்னார் இன்னாருடைய மகள்’ என்று நிரூபிக்க ஆராய்ச்சியாளருக்கு அது பெரும் உதவி. பெண்கள் மணமானதும் பெயரை மாற்றிக்கொள்ளும் நாட்டில் அவர்களைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் தவறு எங்கே நுழைந்தது?

பிள்ளைகளைப் பற்றிய ஏடுகள் இருந்தன. எலிசபெத்தைப் பெற்றவர்களைப் பற்றிய ஏடுதான் ஊரில் இல்லை. கார்வர் வீட்டில் வளர்ந்தவள் என்ற நினைவு மட்டும் குடும்பத்தில் தங்கியிருக்க வேண்டும். பேரர்கள், அவர்களுடைய பேரர்கள் என்று சொல்லிச் சொல்லி, ‘கார்வர் வீட்டில் இருந்தவள்’ என்பது ‘கார்வரின் மகள்’ என்றாகிவிட்டது. ‘பேத்தி’ என்று சொன்னவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹௌலண்டு வம்சத்தார் பிளிமத் ஊரின் கல்லறை மேட்டில் முன்னோருக்கு நினைவுக்கல் நாட்டியபோது, அவர் ஆளுநர் கார்வரின் மகளை மணந்தவர் என்றே அதில் பொறித்துவிட்டார்கள். வாயில் இருந்த பொய் கல்லில் ஏறிவிட்டது. கல்லில் எழுதியதை யார்தான் சந்தேகிப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. கார்வரின் பெயரும் ஜான், டில்லியின் பெயரும் ஜான், ஹௌலண்டின் பெயரும் ஜான். நம் வழக்கப்படி தலைப்பெழுத்துப் போட்டிருந்தால் எலிசபெத்துக்கு ‘ஜா.’ என்ற எழுத்து மாறியிருக்காது. ஆள்தான் மாறிவிட்டார்! சிஸ்டர் சொன்னதற்கு நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: எழுத்துச் சரியாக இருந்தால் மட்டும் போதாது.

இது சிறு பிழைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று என் தங்கை கேட்டாள். ஆளுநரின் மகள் என்றால் கௌரவம் கூடத்தானே செய்யும் என்பது அவள் வாதம். ஆனால் ஜான் டில்லியை நினைத்துப் பாருங்கள். மகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து வந்து, சில மாதங்களில் பனியில் புதைந்துபோன மனிதர். அவருக்கு அந்தத் தேசத்தில் இருந்த ஒரே அடையாளம் அந்த மகள்தான். அதையும் பறித்து, ஏற்கெனவே புகழுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அனாதையாக நின்று, பணியாளரை மணந்து, பத்துப் பிள்ளைகளை வளர்த்த பாட்டி என்பதில் இல்லாத பெருமை, ஆளுநரின் மகள் என்பதில் என்ன இருக்கிறதோ எனக்குப் புரியவில்லை.

உண்மை வெளிவந்தது ஒரு தொலைந்த புத்தகத்தால். கார்வருக்குப்பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு அக்குடியேற்றத்தின் சரித்திரத்தைத் தம் கையால் எழுதி வைத்திருந்தார். ஹௌலண்டு கடலில் விழுந்த கதையும் அதில் உள்ளதே. அந்தக் கையெழுத்துப் பிரதி பாஸ்டன் நகரில் ஒரு கோவிலில் இருந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது அது காணாமற் போயிற்று. பல ஆண்டுகளுக்குப்பின், இங்கிலாந்தில் வெளியான ஒரு நூலில் பிராட்ஃபோர்டின் வாசகங்களைப் போன்ற பகுதிகள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தனர். அந்தத் துப்பைப் பின்பற்றித் தேடியபோது, 1855இல் இலண்டன் ஆயரின் ஃபுல்லம் மாளிகை நூலகத்தில் அப்பிரதி பத்திரமாக இருப்பது தெரிந்தது! மறு ஆண்டே அச்சாயிற்று. 1897இல் மூலப்பிரதியும் பாஸ்டனுக்குத் திரும்பியது.

அந்நூலின் முடிவில் பிராட்ஃபோர்டு அரிய காரியம் ஒன்றைச் செய்திருக்கிறார். மேஃப்ளவரில் வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசையாக எழுதி, முப்பதாண்டுகள் சென்றபின் அவர்களில் யார் மாண்டனர், யார் வாழ்கின்றனர், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்திருக்கிறார். அங்கே, ஜான் டில்லி, அவர் மனைவி, அவர்கள் மகள் எலிசபெத் என்று தெளிவாக இருக்கிறது. ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை ஹௌலண்டு மணந்தார் என்றும், பத்துப் பிள்ளைகளும் உயிரோடிருக்கின்றனர் என்றும் எழுதியிருக்கிறார். கார்வருக்கு மகள் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை.

கல் தோற்றது, காகிதம் வென்றது. பின்னர் பிளிமத் கல்லறை மேட்டில், எலிசபெத் ஜான் டில்லியின் மகள் என்று பொறித்த வேறு கல் நாட்டப்பட்டது. இன்று அங்கே நிற்பது அந்தக் கல்லே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் இப்படி ஒரு பிராட்ஃபோர்டு கிடைப்பதில்லை. மேஃப்ளவர்க்காரர் குடியேறிய இடம் பட்டக்ஸெட் என்னும் செவ்விந்திய மக்களின் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் அவ்வூரார் ஏறக்குறைய முழுவதும் மடிந்திருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதி வைத்தவர் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கோ பெரிய சுவர் ஒன்று குறுக்கே நிற்கிறது. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமை அட்டவணைகளில் எசமானரின் பெயரை எழுதி, அதன்கீழே வயது, ஆண் அல்லது பெண், நிறம் என்று மட்டும் குறித்தார்கள். ஏறக்குறைய எவருக்கும் பெயர் எழுதவில்லை. விடுதலை பெற்ற பின்னர், 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் அனைவரும் பெயரோடு வருகின்றனர்.

அடுத்ததை எழுதலாமா என்று தயங்கினேன். சிஸ்டரிடம் கேட்டேன். “உண்மையானால் எழுது” என்றார்கள். 1838இல் மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபைக் குருக்கள் 272 அடிமை மக்களை லூசியானாவுக்கு விற்றார்கள். கிடைத்த பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போயிற்று. விற்கப்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். அவர்களுடைய பெயர்கள் விற்பனைப் பட்டியலிலும் கோவில் பதிவேடுகளிலும் எழுதப்பட்டிருந்தன. அந்த ஏடுகளைக் கொண்டே இக்காலத்தில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலரைக் கண்டறிந்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் இயேசு சபையினரும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் அவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டனர். பாவத்தைச் செய்தவர்கள் வைத்திருந்த ஏடே பாவத்திற்குச் சாட்சியாகி, பேரர்களுக்குப் பாட்டனாரின் பெயரையும் கொடுத்தது.

இப்போது எலிசபெத்திடம் திரும்புவோம். தந்தையின் பெயர் கிடைத்துவிட்டது. தாய்? பிராட்ஃபோர்டு ‘அவர் மனைவி’ என்றுமட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். ராக்ஹார்ன் என்னும் கிடேரிக்குப் பெயர் எழுதிய ஊரில், கப்பலேறி வந்து உயிரைவிட்ட அந்த அம்மாளின் பெயர் எங்கும் இல்லை.

தேட வேண்டிய இடம் இங்கிலாந்தின் கோவில்களே. அங்கே அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஓர் ஆணையிட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுத வேண்டும் என்பது அந்த ஆணை. நம் கத்தோலிக்கத் திருச்சபையும் திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் முடிவில், 1563இல், இத்தகைய பதிவுகளை விதித்தது. ஞாயிறு பூசை முடிந்து நாம் குதித்தோடும் நம் கோவிலின் சாமியார் அறையில் இருக்கும் தடித்த பதிவேடுகள் அந்த விதியிலிருந்து வந்தவையே. அவற்றில் என் பாட்டியின் பெயரை நான் பார்த்திருக்கிறேன். மை மங்கி, ஓரம் அரித்திருந்தாலும் பெயர் தெரிந்தது.

ஆயிரக்கணக்கான ஆங்கிலப் பங்குகளில் டில்லி குடும்பத்தாரின் பங்கு எது? 1976இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டியது. பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் ஹென்லோ என்னும் சிற்றூர். அங்குள்ள பதிவேட்டில் 1607 ஆகஸ்டு 30ஆம் தேதியில் எலிசபெத்தின் ஞானஸ்நானம் இருக்கிறது. எட்வர்டு டில்லியின் பெயரும் அங்கே உண்டு. மேஃப்ளவரில் வந்த ஹென்றி சாம்சன் என்னும் சிறுவனின் பெயரும் அதே ஏட்டில் இருக்கிறது. ஒரு ஜான் டில்லியை எந்த ஊரிலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒன்றாகக் கப்பலேறிய ஓர் உறவுக்கூட்டமே ஒரே ஏட்டில் சேர்ந்து கிடைத்தால், ஆள் மாறாட்டத்திற்கு இடம் ஏது?

அப்படியும் ஒரு கண்ணி இருந்தது. எலிசபெத்தின் தாய் முதலில் தாமஸ் ரோஜர்ஸ் என்பவரை மணந்து, விதவையாகி, பின்னர் டில்லியை மணந்தவர். மேஃப்ளவர் கப்பலிலும் தாமஸ் ரோஜர்ஸ் என்று ஒருவர் வந்தார்! அவசரக்காரர் எவரேனும் இருந்தால் இருவரையும் ஒருவராக்கி, இறந்தவரையே கப்பலேற்றியிருப்பார். கப்பலில் வந்தவர் வேறு ஊர்க்காரர். அவருக்கும் ஹென்லோவுக்கும் தொடர்பில்லை.

ஹென்லோ பதிவேட்டில் அந்தத் திருமணமும் இருக்கிறது. 1596ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள். மணமகன் ஜான் டில்லி. மணமகளின் பெயர் ஜோன். வில்லியம் ஹர்ஸ்ட் என்பவரின் மகள்.